வேலியும் பயிரும்: உபதேசத்தைக் காத்தவர்கள் யாரிடமிருந்து காத்தார்கள்?

1

சபையைக் காப்பது பற்றிப் பேச ஆரம்பித்தால் பிரசங்கிகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கிறார்கள்: அப்போஸ்தலர் நடபடிகள் இருபதாம் அதிகாரம். எபேசு சபையின் மூப்பர்களை மிலேத்துவுக்கு வரவழைத்துப் பவுல் விடைபெறுகிறார். நான் போன பிறகு மந்தைக்குள் ஓநாய்கள் நுழையும் என்று எச்சரிக்கிறார். பிரசங்க மேடைகளில் இந்த ஓநாய் நன்றாகவே வாழ்ந்து வருகிறது. காலத்துக்கு ஏற்றபடி அதற்கு வேறு வேறு பெயர், அவ்வளவுதான். ஆனால் அதே மூச்சில் பவுல் சொல்லும் அடுத்த சேதியை யாரும் அதிகம் தொடுவதில்லை. மாறுபாடானதைப் பேசுகிறவர்கள் உங்களுக்குள்ளிருந்தே எழும்புவார்கள் என்கிறார் அவர். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் யார்? மூப்பர்கள். அதாவது காவல்காரர்கள்.

உபதேசக் காவல் பற்றிய வழக்கமான பேச்சு மூன்று விஷயங்களைக் கேள்வியில்லாமல் எடுத்துக்கொள்கிறது. ஒன்று, காப்பவர் போதகர், காக்கப்படுவது சபை. இரண்டு, மாற்றம் வெளியிலிருந்து வருகிறது. மூன்று, எது உபதேசம், எது வெறும் பழக்கம் என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். தமிழ்க் கிறித்தவத்தின் நானூற்றைம்பது ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினாலே இந்த மூன்றும் ஆட்டம் காண்கின்றன. முக்கியமாக மூன்றாவது. உபதேசம் இது, ஆசாரம் இது என்று கோடு கிழிக்கும் அதிகாரம் யார் கையில் இருந்தது என்பதுதான் இந்த வரலாற்றின் மையம் என்று நினைக்கிறேன். கோட்டுக்குள் வைத்துக் காப்பாற்றப்பட்டவை எல்லாம் காப்பாற்றத் தகுந்தவைதானா என்ற கேள்வி அதிலிருந்து தானாக வருகிறது.

2

முத்துக்குளித்துறையிலிருந்து தொடங்கலாம். 1530களின் நடுவில் பரதவர்கள் கூட்டமாகத் திருமுழுக்குப் பெற்றார்கள். போர்ச்சுகீசியரின் பாதுகாப்புக்காகப் பெற்றது அது. உபதேசம் தெரிந்து பெற்றதல்ல. 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. மொழி தெரிந்தவர்களை வைத்து விசுவாசப் பிரமாணம், பரலோக மந்திரம், அருள் நிறைந்த மந்திரம் ஆகியவற்றைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்துகொண்டு, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். ஊருக்கு ஊர் செபம் சொல்லிக்கொடுக்க ஆள் வைத்தார். அந்தக் கரையில் இவர்களைக் கணக்கப்பிள்ளை என்பார்கள். பின்னால் வந்த அன்றிக்கே அடிகளார் இதையே அச்சில் ஏற்றினார். 1578இல் கொல்லத்தில் அச்சான பதினாறு பக்கத் 'தம்பிரான் வணக்கம்' ஒரு செபப் புத்தகம்தான். தமிழ் அச்சின் தொடக்கம் என்று நாம் கொண்டாடுகிற பிரதி, உபதேசக் காவலுக்காகச் செய்த ஒரு கருவி.

நவீன மனசுக்கு இந்த மனப்பாடம் எரிச்சலூட்டும். அர்த்தம் தெரியாத ஒப்புவித்தல், கிளிப்பிள்ளைப் பாடம் என்போம். ஆனால் 1658இல் என்ன நடந்தது? டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருமார் விரட்டப்பட்டார்கள். பால்தேயுஸ் போன்ற கால்வினியப் போதகர்கள் வந்து பரதவர்களைச் சீர்திருத்த சபைக்கு இழுக்கப் பார்த்தார்கள். அதிகாரம் அவர்கள் கையில், கோயில் அவர்கள் கையில், வியாபாரமும் அவர்கள் கையில். மேய்ப்பன் இல்லாத மந்தை என்று பாட்டில் வருமே, நிஜமாகவே அந்த நிலைமை. ஆனால் மந்தை நகரவில்லை. மாதா சுரூபத்தை விட்டுக்கொடுக்கவில்லை, செபத்தை விடவில்லை. டச்சுப் போதகர்கள் தோற்றார்கள்.

இங்கே உபதேசத்தைக் காத்தது போதகர் அல்ல, போதகர் இல்லாத சபை. எதைக் கொண்டு காத்தது? நாக்கில் ஏறிப்போன செபம் ஒன்று. இன்னொன்று, சாதித் தலைவரின் கீழ் ஒரே கட்டாக நின்ற சாதி அமைப்பு. விசுவாசம் மாறினால் சாதிக்கட்டு உடையும். சாதிக்கட்டு உடைந்தால் கடலில் தொழில் நடக்காது. ஆக, உபதேசத்துக்குச் சாதி வேலியாக நின்றது. சங்கடமான உண்மைதான். ஆனால் இதைத் தாண்டிப் போனால் அடுத்து வருவது எதுவும் புரியாது.

3

வீரமாமுனிவரின் காலத்தில் நிலைமை மாறுகிறது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, லூத்தரின் ஞானோபதேசத்தையும் புதிய ஏற்பாட்டையும் தமிழில் அச்சிட்டுவிட்டார். அச்சடித்த காகிதத்துக்கு எல்லை கிடையாது. கத்தோலிக்க ஊர்களுக்குள் அது போகிறது. முனிவர் இதற்கு இரண்டு விதமாகப் பதில் சொல்கிறார். ஒரு பக்கம் 'வேத விளக்கம்', 'பேதகம் மறுத்தல்' போன்ற கண்டன நூல்கள். இன்னொரு பக்கம் உபதேசிகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் 'வேதியர் ஒழுக்கம்'. கண்டன நூல்களில் வசவும் உண்டு, வாதமும் உண்டு. தமிழ் உரைநடை வரலாற்றில் அவற்றுக்கு இடமும் உண்டு. ஆனால் சபையைக் காக்கும் வேலையில் எது பலமாக நின்றிருக்கும் என்று கேட்டால், இரண்டாவது நூல்தான் என்பேன். எதிராளியைக் கண்டிக்க ஒரு மேதை போதும். பாதிரியார் வருஷத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கிற ஊரில், மிச்ச நாளெல்லாம் ஜனங்களோடு இருக்கப் போகிறவர் உபதேசியார். அவர் ஒழுங்காக இருந்தால் ஓநாய்க்கு வேலையில்லை. இது முனிவருக்குத் தெரிந்திருந்தது.

இதே காலத்தில், வேலி தாண்டிப் போன ஒருவரின் கதையைப் பார்க்க வேண்டும். ராஜநாயக்கன் தஞ்சாவூரில் படைச் சேவகர், கத்தோலிக்கர், பறையர். தரங்கம்பாடியில் அச்சான நற்செய்தி அவர் கைக்குக் கிடைக்கிறது. படிக்கிறார். 1720களின் பிற்பகுதியில் லுத்தரன் சபைக்குப் போய்விடுகிறார், உபதேசியாராகிறார். கத்தோலிக்கத் தரப்பிலிருந்து பார்த்தால் இது வேண்டாத உபதேச மாற்றத்துக்குச் சரியான உதாரணம். லுத்தரன் தரப்பிலிருந்து பார்த்தால் வேதத்தின் வெற்றி. சரி, போன இடத்தில் என்ன ஆயிற்று? 1733இல் தரங்கம்பாடியில் முதல் தமிழ்க் குருவாக ஆரோன் அபிஷேகம் பெற்றார், அவர் வேளாளர். அடுத்து யார் என்று பேச்சு வந்தபோது ராஜநாயக்கனின் பெயரும் அடிபட்டது. அவர் கையால் வேளாளக் கிறித்தவர்கள் இராப்போசனம் வாங்க மாட்டார்கள் என்பது தடையாக நின்றது. 1741இல் தியோகு குருவானார். ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்து, 1771இல் இறந்தார்.

அவருடைய உபதேசத்தில் பிழை இருந்ததாக யாரும் சொல்லவில்லை. விசுவாசத்தால் மட்டுமே நீதிமான் ஆகிறோம் என்பது லூத்தரின் அடித்தளம். அந்த அடித்தளத்தின் மேல் நிற்கிற ஒரு சபை, விசுவாசத்தில் குறையில்லாத ஒருவரை அவர் பிறப்பைக் காட்டி நிறுத்தி வைக்கிறது. இது உபதேச மாற்றம் இல்லையா? அன்றைக்கு யாருக்கும் அப்படித் தோன்றவில்லை. காரணம், சாதி 'ஆசாரம்' என்ற பட்டியலில் இருந்தது. 'உபதேசம்' என்ற பட்டியலில் அது இல்லை. காவல்காரர்கள் இரண்டாவது பட்டியலை மட்டுமே காவல் காத்தார்கள்.

4

இந்தப் பட்டியல் பிரச்சினை தமிழ்நாட்டுச் சரக்கு மட்டும் அல்ல. கிறித்தவத்தில் அது மிகப் பழசு. வட ஆப்பிரிக்காவின் ஓயா நகரில், இன்றைய திரிப்போலியில், நடந்த ஒரு சம்பவத்தை அகுஸ்தீன் 403ஆம் ஆண்டு ஜெரோமுக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். ஜெரோம் எபிரேயத்திலிருந்து புதிதாக மொழிபெயர்த்த யோனா புத்தகத்தை அந்த ஊர் ஆயர் கோயிலில் வாசிக்க வைத்தார். யோனாவுக்கு நிழல் கொடுத்த செடியைப் பழைய லத்தீனில் சுரை என்றுதான் தலைமுறை தலைமுறையாகக் கேட்டிருக்கிறார்கள். ஜெரோமோ வேறு ஒரு கொடியின் பெயரைப் போட்டுவிட்டார். சபையில் ஒரே கலவரம். ஜனங்களை இழந்துவிடக்கூடாது என்று பயந்து ஆயர் பின்வாங்க வேண்டியதாயிற்று. ஒரு செடியின் பெயரில் எந்த உபதேசமும் இல்லை. ஆனாலும் ஜனங்கள் காதால் காவல் காத்தார்கள். நம் தமிழ் வேதாகமத்தில் அது ஆமணக்கு. நாளைக்கு யாராவது வந்து புடலங்கொடி என்று வாசித்தால் நம் ஊரிலும் சும்மா இருக்க மாட்டார்கள்.

செடிக்கே இந்தப் பாடு என்றால் கடவுளின் பெயருக்கு? அன்றிக்கேயின் தம்பிரான், பிறகு சர்வேசுரன், பப்ரீசியுஸ் மொழிபெயர்ப்பில் பராபரன், 1871இன் ஐக்கிய மொழிபெயர்ப்பில் தேவன், 1995இன் பொது மொழிபெயர்ப்பில் கடவுள். ஒவ்வொரு பெயர் மாற்றத்தின்போதும் ஒரு தலைமுறை, "இது நம்ம சாமி பேரு இல்லையே" என்று முனகியிருக்கிறது. அடுத்த தலைமுறை அந்தப் புதுப் பெயரையே வேலியாக்கிக் காத்திருக்கிறது. பெயர் மாறியபோது உபதேசம் மாறியதா? மாறவில்லை என்று இறையியலாளர் சொல்வார். முழங்கால் போட்டிருக்கிற கிழவியைக் கேட்டால் வேறு பதில் வரலாம். இரண்டு பதிலையும் எடுத்துக்கொள்ளாத போதகர் சபையைக் காக்க முடியாது.

5

ஓயாவின் கலவரம் சின்னது. அதுவே பெரிய அளவில், நூறு மடங்கு சிக்கலாக, 1820களில் தஞ்சாவூரில் நடந்தது. நடுநாயகமாக நின்றவர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). பன்னிரண்டு வயதுப் பையனாக ஷ்வார்ட்ஸ் ஐயரால் தஞ்சைக்கு அழைத்துவரப்பட்டவர், சரபோஜி மன்னரின் இளமைத் தோழர், 'பெத்லகேம் குறவஞ்சி' பாடியவர். பழைய லுத்தரன் மிஷனரிகள் மறைந்து ஆங்கிலிக்கன் சங்கங்களின் கீழ் புதியவர்கள் வந்த காலம் அது. அவர்கள் கொண்டுவந்த திருத்தங்களைச் சாஸ்திரியார் சபையின் சார்பில் எதிர்த்தார். குறைகள் நான்கு. பப்ரீசியுஸின் வேதாகமத்தைத் தள்ளிவிட்டுப் புது மொழிபெயர்ப்பைத் திணிக்கிறார்கள். சாதிகளை ஒன்றாகக் கலந்து உட்காரச் சொல்கிறார்கள். கலியாணத்திலும் பண்டிகையிலும் பூவைத் தடுக்கிறார்கள். தமிழ்ப் பாட்டையும் வாத்தியத்தையும் நிறுத்துகிறார்கள்.

இந்த நான்கும் ஒரே மூச்சில், ஒரே வரிசையில் வருகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். வேதாகமம், சாதி, பூ, பாட்டு. இன்று வாசிக்கிற நமக்கு இரண்டாவது மட்டும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. பாட்டுக்காக அவர் போராடியதை மெச்சுகிறோம். காலனிய மிஷனரியின் திமிருக்கு எதிராக ஒரு தமிழ்க் குரல் என்கிறோம். அப்படியே சாதியிருக்கைக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொள்கிறோம். இது நேர்மையான வாசிப்பு ஆகாது. சாஸ்திரியாருக்கு நான்கும் ஒரே தர்க்கம்தான். சாதி என்பது உலக ஒழுங்கு, ஐரோப்பாவில் பிரபுவும் குடியானவனும் இருப்பதுபோல. அதற்கும் இரட்சிப்புக்கும் சம்பந்தமில்லை. சம்பந்தமில்லாததை ஏன் கட்டாயமாக்குகிறீர்கள்? இதுதான் அவர் வாதத்தின் முதுகெலும்பு.

இந்த வாதத்துக்கு லுத்தரன் மரபிலேயே வேர் உண்டு. செய்தாலும் பாவமில்லை, விட்டாலும் பாவமில்லை என்ற வகைக் காரியங்களை 'அதியாபோரா' என்பார்கள். 1548இல் பேரரசரின் கட்டாயத்தால் பழைய சடங்குகள் சிலவற்றை மீண்டும் ஏற்கலாமா என்ற சண்டை ஜெர்மனியில் வந்தது. மெலாங்க்தன் ஏற்கலாம் என்றார். பிளாசியுஸ் மறுத்தார்: கட்டாயம் என்று வந்துவிட்டால் எதுவுமே சாதாரணக் காரியம் ஆகாது. 1577இன் ஒப்புரவு அறிக்கை, பத்தாம் பிரிவில், அடக்குமுறையின்போது இப்படிப்பட்ட காரியங்களிலும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று முடித்தது. சாஸ்திரியார் தன்னைப் பிளாசியுஸின் இடத்தில் வைத்துக்கொள்கிறார் எனலாம். கட்டாயப்படுத்துகிறவன் வெள்ளைக்கார மிஷனரி. எனவே பூவும் பாட்டும் இருக்கையும்கூட அறிக்கைக்குரிய விஷயங்களாகின்றன.

ஆனால் அந்தக் கோயிலிலேயே இன்னொரு பக்கம் உட்கார்ந்திருந்தவர்களின் இடத்திலிருந்து இதே வாதத்தைக் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கு முதலில் வந்த கட்டாயம் எது? பின்னால் உட்கார், கிண்ணத்தைக் கடைசியில் வாங்கு என்பது. மிஷனரி வருவதற்கு முன்பே அது கட்டாயம்தான். அதை யாரும் அடக்குமுறை என்று பெயரிடவில்லை, ஆசாரம் என்றார்கள். பிளாசியுஸின் விதியை நேர்மையாகப் பிரயோகித்தால் அது பின்வரிசைக்காரர்களுக்குத்தான் முதலில் உதவியிருக்க வேண்டும். அவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது மனுக்களில் பதிவாகவில்லை. எழுதத் தெரிந்தவர்கள் எழுதினார்கள். காவல் காத்தவர்களே வரலாற்றையும் எழுதினார்கள்.

1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சுற்றறிக்கை அனுப்பினார். சபைக்குள் சாதி வேற்றுமை உடனே, முற்றாக ஒழிய வேண்டும் என்பது அதன் சாரம். ஒரே கடிதத்தில் சாதி பட்டியல் மாறியது. ஆசாரமாக இருந்தது, கிறித்தவத்துக்கே விரோதமான காரியம் ஆயிற்று. வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் திருச்சியிலும் வேளாளக் கிறித்தவர்கள் பெருவாரியாக வெளியேறினார்கள். 1840களில் வந்து சேர்ந்த லைப்சிக் லுத்தரன் மிஷன் சாதி விஷயத்தில் தளர்வாக இருந்தது. வெளியேறியவர்களில் பலர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். 1850இல் மற்ற புராட்டஸ்தாந்து மிஷன்கள் சென்னையில் சாதிக்கு எதிராகக் கூட்டுத் தீர்மானம் போட்டபோது லைப்சிக் மட்டும் ஒதுங்கி நின்றது. போனவர்கள் சொன்ன காரணம் என்ன? பழைய உபதேசத்துக்குத் திரும்புகிறோம். லூத்தரின் ஞானோபதேசம், பப்ரீசியுஸின் வேதாகமம், தாத்தா காலத்துச் சபை. பொய் என்று சொல்ல முடியாது. அத்தனையும் உண்மை. அந்த உண்மைகளின் முதுகில் ஏறிக்கொண்டு இருக்கை வரிசையும் கூடவே போயிற்று. முத்துக்குளித்துறையில் உபதேசத்துக்குச் சாதி வேலியாக இருந்தது. தஞ்சையில் சாதிக்கு உபதேசம் வேலியாகிவிட்டது.

வில்சனைத் தியாகி ஆக்கவும் வேண்டாம். மேலிருந்து கடிதம் எழுதினால் சபை மாறிவிடும் என்று நம்பியவர் அவர். பாட்டையும் பூவையும் தடுத்த அதே கைகள்தான் சாதியையும் தடுக்க வந்தன என்பதால், சாதிக்கு எதிரான நியாயம்கூட வெள்ளைக்காரன் இட்ட கட்டளையாகவே ஜனங்கள் காதில் விழுந்தது. மிஷனரிகள் நான்கையும் ஒரே கட்டாகத் தூக்கி எறிந்தார்கள். சபையார் நான்கையும் ஒரே கட்டாகத் தூக்கிப் பிடித்தார்கள். கட்டை அவிழ்த்துப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. அதுதான் தோல்வி.

6

பிறகு என்ன ஆயிற்று? பாட்டு திரும்பி வந்தது. 1853இல் அமெரிக்க மதுரை மிஷனின் எட்வர்டு வெப் கீர்த்தனைத் தொகுப்பை அச்சிட்டார். சாஸ்திரியாரின் பாடல்களுக்கு அதில் பெரிய இடம். ஒரு தலைமுறைக்கு முன் வேண்டாத பழக்கம் என்று தடுக்கப்பட்டது, இன்று சபைகளை ஒன்றாகக் கட்டி வைத்திருக்கும் கயிறு. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் திங்கட்கிழமை மறந்துபோகும். கீர்த்தனை சாகும்வரை கூட வரும். பூ திரும்பி வந்தது. கலியாணத்திலும் கல்லறையிலும் அதற்கு இப்போது தடையில்லை. வேதாகமம் சமரசத்தில் முடிந்தது. நான்கில் மூன்று இப்படித் தீர்ந்துவிட்டன. ஒன்று தீரவில்லை. தனிக் கல்லறை, தனித் தெரு, ஆயர் தேர்தலில் சாதிக் கணக்கு என்று அது உருமாறி நடமாடுகிறது.

இந்த வரலாற்றிலிருந்து பிரசங்கிக்கு என்ன கிடைக்கிறது? சில விஷயங்களை உறுதியாகச் சொல்லலாம். கண்டனத்தை விட மனப்பாடமும் பாட்டும் நீண்ட காலம் காக்கும். தலைமைக் குருவை விட உபதேசியார் அதிகம் காப்பார். சபைக்குத் தெரியாமல் செய்யும் திருத்தம், நல்ல திருத்தமாக இருந்தாலும், ஓயாவில் போலக் கலவரத்தில்தான் முடியும். சொல்லிவிட்டுச் செய்வதுதான் உத்தமம். வேதத்தைச் சபையின் கையில் கொடுத்துவிட்டால் சபை அதைப் போதகருக்கு எதிராகவும் வாசிக்கும். நாசரேத் பக்கத்தில் 1857இல் சட்டம்பிள்ளை தனியாகப் பிரிந்து இந்து கிறித்தவ சபையைத் தொடங்கி, பழைய ஏற்பாட்டைக் காட்டிச் சனிக்கிழமை ஓய்வுநாளைக் கைக்கொண்டபோது, அவர் கையில் இருந்ததும் மிஷனரி கொடுத்த வேதாகமம்தான். அதற்குப் பயந்து வேதத்தைப் பூட்டி வைக்க முடியாது. பதில் சொல்லத் தயாராக இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது பட்டியல். எது விசுவாசப் பிரமாணத்தில் இருக்கிறது, எது நம் ஊர்ப் பழக்கம் என்று போதகர் பிரசங்க மேடையில் நின்று வெளிப்படையாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். புதிதாக ஒன்று வரும்போது "இது பழசா?" என்ற ஒரு கேள்வி போதாது. "இது இப்படியே இருந்தால் யாருக்கு நஷ்டம், மாறினால் யாருக்கு நஷ்டம்?" என்ற கேள்வியும் கேட்கப்பட வேண்டும். அதையும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவரிடம் முதலில் கேட்க வேண்டும். இந்தக் கேள்வி இல்லாத காவல் எதை வேண்டுமானாலும் காக்கும்.

வடக்கன்குளத்துக் கத்தோலிக்கக் கோயிலில் வேளாளரையும் நாடாரையும் பிரிக்க ஒரு சுவர் இருந்தது. 1910இல் கௌசானல் அடிகளார் காலத்தில் அது இடிக்கப்பட்டது. வேளாளர்கள் வழக்குப் போட்டார்கள், வழக்கமாக வந்த உரிமை என்று வாதாடினார்கள், தோற்றார்கள். சுவர் இருந்த காலமெல்லாம் அதன் இரண்டு பக்கமும் ஒரே விசுவாசப் பிரமாணம்தான் சொல்லப்பட்டது. ஒரு எழுத்துகூட மாறவில்லை. உபதேசத்தைப் பொறுத்தவரை அந்தக் கோயில் பத்திரமாக இருந்தது என்று காவல்காரர்கள் கணக்கு எழுதியிருப்பார்கள்.